இந்த வாரப் பத்திரிகையையும் வைத்திருக்கிறேன்

ஓபர்லின், ஒஹாயோ
15 மார்ச் 2015

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை, பாதிப் பேச்சு "என்ன, என்ன" என்பதிலேயே போய்விடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கூடவே ஒரு பத்திரிகை வைத்திருக்கிறேன். அதை அப்புறம் பிரியுங்கள், முதலில் கடிதத்தைப் படித்துவிடுங்கள்.

பனி உருகத் தொடங்கிவிட்டது. பிப்ரவரி முழுவதும் கதவைத் திறந்தாலே மூக்கு மரத்துப்போகும் குளிர். இப்போது தெருவெல்லாம் சேறு. ஆனாலும் நூலகத்துக்கு நடந்தே போய்வருகிறேன்.

இந்த ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. மொத்தம் 8,000 பேர் சொச்சம்தான். அதில் 2,900 பேர் அளவில் மாணவர்கள். ஊரும் ஓபர்லின் கல்லூரியும் 1833-இல் சேர்ந்தே பிறந்தவை. நடுவில் டாப்பன் சதுக்கம் என்று ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கல்லூரிக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் கடைத்தெரு. இடையில் சுவரும் இல்லை, கேட்டும் இல்லை. சதுக்கத்தில் கிடக்கும் பெரிய பாறைகளில் மாணவர்கள் பெயின்ட் அடித்துச் செய்தி எழுதுவார்கள். ஒரு நாள் பிறந்தநாள் வாழ்த்து இருக்கும், மறுநாள் போராட்ட அழைப்பு இருக்கும். காலையில் வேலைக்குப் போகும்போது பாறையைப் பார்க்காமல் என்னால் தாண்ட முடியாது.

இது லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. இன்ஜினியரிங், மெடிக்கல் என்று ஒரே வழியில் போகாமல் வரலாறு, வேதியியல், இசை எல்லாவற்றையும் கலந்து படிக்கலாம். இங்கே 1835-லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் பெண்களும் ஆண்களோடு சேர்ந்து பட்டப்படிப்பில் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அச்சுத்தொழில் செய்த உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1858 செப்டம்பரில், கென்டக்கியிலிருந்து தப்பி இங்கே வாழ்ந்துகொண்டிருந்த ஜான் பிரைஸ் என்ற அடிமையை ஆட்கள் பிடித்துப் பக்கத்து ஊரான வெலிங்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சேதி தெரிந்ததும் ஊர்க்காரர்களும் மாணவர்களும் திரண்டு போய் அவரை மீட்டார்கள். ஒரு பேராசிரியர் வீட்டில் ஒளித்து வைத்து, கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அடிமையைத் தப்பவிட்டது அன்றைய சட்டப்படி குற்றம் என்பதால் 37 பேர் மீது வழக்கு. கிளீவ்லேண்ட் சிறையில் கிடந்தவர்கள் சும்மா இருக்கவில்லை அப்பா. சிறைக்குள்ளிருந்தே ஒரு பத்திரிகை கொண்டுவந்தார்கள். 'தி ரெஸ்க்யூவர்' என்று பெயர். 1859 ஜூலை 4 தேதியிட்ட ஒரே ஒரு இதழ். அதைப் பற்றிப் படித்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஈய எழுத்தை ஸ்டிக்கில் கோத்துக்கொண்டே தலைகீழாகப் படிக்கும் உங்கள் விரல்களும், அம்மா எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்த மைக்கறையும் கண்ணுக்குள் நின்றன.

இன்றும் இந்த ஊரில் அப்படித்தான், செய்தி தேவைப்படுகிறவர்களே அதைக் கொண்டுவருகிறார்கள். மாணவர்களே நடத்தும் 'தி ஓபர்லின் ரிவ்யூ' 1874-இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள் நகர மன்றக் கூட்டத்தில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர்க் கட்டணம், பள்ளிக்கூடத்துக்கான வரி, கல்லூரி நிர்வாகத்தின் முடிவு எல்லாம் அதில் வரும். எந்த விடுதியில் பாப்கார்ன் கருகி அலாரம் அடித்தது என்பதுகூட வரும். ஊர் முதியவர்கள் எங்கள் நூலகத்துக்கு வந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கிறார்கள். நம் வீட்டில் உங்களுக்கு முன்னால் யாரும் பேப்பரின் மடிப்பைக் கலைக்கக் கூடாதே, அதே மாதிரி இங்கேயும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.

படிக்கிற பிள்ளைகள் ஊர்ப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். உங்கள் பேத்திக்குக் கணக்கில் உதவுவதும் அப்படி ஒரு பையன்தான். இன்னொரு நல்ல சேதி: இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருஷமும் படித்து, கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால் படிப்புக் கட்டணம் கிடையாது. அவளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எக்ஸ்கோ என்று ஒன்று உண்டு. மாணவரோ ஊர்க்காரரோ, தமக்குத் தெரிந்ததை வகுப்பாக நடத்தலாம், யாரும் வந்து கற்கலாம். இந்தப் பருவம் நான் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஆறு பேர் வருகிறார்கள். அதில் ஒரு பெண் மதுரைக்கு வரப்போகிறாள்! ஷான்சி என்று ஒரு அமைப்பு இங்கே இருக்கிறது. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் 1900 கலவரத்தில் கொல்லப்பட்ட ஓபர்லின்காரர்களின் நினைவாக 1908-இல் தொடங்கியது. பின்னாளில் சீனாவில் வேலை செய்ய முடியாமல் போனபோது மற்ற ஆசிய நாடுகள் பக்கம் திரும்பினார்கள். அந்த வழியில்தான் தல்லாகுளம் லேடி டோக் கல்லூரிக்கு இங்கே பட்டம் முடித்தவர்கள் இரண்டு வருஷம் வந்து தங்குகிறார்கள். நான் தினமும் பஸ்ஸில் தாண்டிப்போன அந்த வாசலுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு ழகரம் வராமல் இரண்டு வாரம் தவித்தாள். "கோழி, கோழி" என்று சொல்லிக்கொண்டே பனியில் நடந்து போவாள். போன செவ்வாய்க்கிழமை பட்டென்று வந்துவிட்டது. வகுப்பே கைதட்டியது.

இந்த வகுப்பைப் பற்றி எழுதப் பத்திரிகைக்காரப் பையன் ஒருவன் வந்தான். ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து கவனித்தான். அன்று இரவு பத்து மணிக்குப் போன் செய்து, "உங்கள் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து இருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டான். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அது என் அப்பாவின் பெயர் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் அதை முழுதாகப் போடலாமா?" என்றான். உங்கள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவன் திரும்ப ஒப்பித்தான். ஓரிடத்தில் தப்பு வந்தது, திருத்தினேன். மறுபடி முதலிலிருந்து ஒப்பித்தான். உங்கள் அச்சகத்தில் ஒருவர் கையெழுத்துப் பிரதியை வாசிக்க, நீங்கள் புரூஃபில் விரல் வைத்துக்கொண்டு போவீர்களே, அப்படி இருந்தது. போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாற்பது வருஷம் கல்யாணப் பத்திரிகையிலும் கண்ணீர் அஞ்சலியிலும் ஊரார் பெயரையெல்லாம் கோத்தீர்கள். உங்கள் பெயரை அச்சில் நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பெண் மதுரைக்கு வந்ததும் நம் வீட்டுக்கு வருவாள். அம்மாவைக் காபி போட்டுத் தரச் சொல்லுங்கள். அவள் தட்டுத்தடுமாறிப் பேசினாலும் நீங்கள் இங்கிலீஷுக்கு மாறிவிடாதீர்கள், தமிழிலேயே பேசுங்கள்.

இப்போது பத்திரிகையைப் பிரியுங்கள். ஐந்தாம் பக்கம், வலது பத்தி, மேலிருந்து மூன்றாவது வரி. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்