திருப்பி வைத்த பூச்சாடி

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி உன்னோடு பேசிவிட்டுப் போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. "பிள்ளைகளோடு ஒரு பிரச்சினையும் இல்லைம்மா, அந்த அக்காவோடுதான் முடியவில்லை. ஞாயிறு பள்ளியையே விட்டுவிடலாம் போலிருக்கிறது" என்றாய். மூன்று வாரம் உட்கார்ந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக நீ வரைந்த படங்களை அவர் ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்று ஒதுக்கினால் வலிக்கத்தான் செய்யும். நான் உடனே புத்திமதியை ஆரம்பித்தது தப்பு. எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும்.

உன்னிடம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஆலயத்தில் பீடத்துக்குப் பூ வைக்கும் பொறுப்பு எனக்கும் சபையைச் சேர்ந்த இன்னொரு சகோதரிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் காம்பு காம்பாக வெட்டி, உயரம் பார்த்து அடுக்கிவிட்டு வருவேன். ஞாயிறு காலையில் போனால் சாடி ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். ஒவ்வொரு வாரமும். நான் வாய் திறந்து கேட்கவில்லை. மனசுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் திருப்பியிருக்கிறார், போன வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதற்கு முந்தின வாரம் இன்னது என்று ஏறக்குறைய இரண்டு வருஷக் கணக்கு. நற்கருணை வாங்க முழங்காலில் நிற்கும்போதும் என் கண் அந்தச் சாடி மேல்தான்.

ஒரு ஞாயிறு கால் வலி தாங்காமல், வயதானவர்கள் உட்காரும் பக்கவாட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பூ அத்தனையும் எங்களைப் பார்த்தபடி இருந்தது. நான் வைத்தபடியே விட்டிருந்தால் அவர்களுக்கு வெறும் காம்புதான் தெரிந்திருக்கும்.

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அதற்காக அவரைத் தேவதூதர் என்று நினைத்துவிடாதே. கடைசிவரை வெடுக்கென்றுதான் பேசினார்.

வேதாகமத்தில் அன்பைப் பற்றிச் சொல்லும் 1 கொரிந்தியர் 13ஐக் கல்யாணங்களில் வாசித்து வாசித்து நாம் அதைக் கல்யாண அதிகாரமாகவே ஆக்கிவிட்டோம். பவுல் அதை எழுதியது, ஆவியானவர் கொடுத்த வரங்களில் யாருடைய வரம் பெரியது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு. முன்னாலுள்ள 12ம் பின்னாலுள்ள 14ம் அந்தத் தகராறைப் பற்றித்தான். அதில் அன்பு "தீங்கு நினையாது" என்று வருகிறதே, அங்கே கிரேக்கத்தில் இருப்பது கணக்கு வழக்கில் புழங்கும் சொல். தீங்கைக் கணக்கில் ஏற்றாது என்று வைத்துக்கொள்ளலாம். என் இரண்டு வருஷ நோட்டுப் புத்தகம் அங்கேதான் கிழிந்தது. ஒரே நாளில் இல்லை, பக்கம் பக்கமாக.

அந்தப் பவுலுக்கே இதெல்லாம் சுலபமாக வரவில்லை. ஊழியப் பயணத்தில் பாதி வழியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி கூட்டிப்போகலாமா என்பதில் அவருக்கும் கூட ஊழியம் செய்த பர்னபாவுக்கும் "கடுங்கோபமூண்டபடியினால்" பிரிந்துபோனார்கள் என்று அப்போஸ்தலர் 15 மறைக்காமல் சொல்கிறது. அதே பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். நடுவில் எத்தனையோ வருஷம். அதனால் உனக்கு இந்த மாதமே எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த அக்கா பிள்ளைகளைக் கைநீட்டி அடித்தாலோ, காணிக்கைப் பணத்தில் விளையாடினாலோ அது வேறு விஷயம். அதைப் பொறுத்துப்போவது அன்பில்லை, போதகரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் இது படங்களைப் பற்றியது. மத்தேயு 18ல் ஆண்டவர் முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறார். நீ என்னிடம் சொன்னாய், உன் தோழிகளிடமும் சொல்லியிருப்பாய். அவரிடம் மட்டும் சொல்லவில்லை, இல்லையா? "அக்கா, அந்தப் படங்கள் ஏன் வேண்டாம் என்றீர்கள்?" என்று கேட்டுப் பார். பதில் உனக்குப் பிடிக்காமலும் போகலாம். சரி, கேட்டதாவது மிஞ்சும்.

அப்புறம், அந்தப் படங்களைக் கிழித்துவிடாதே. எனக்கு அனுப்பு.

அந்த அக்காவின் பெயரை நீ கடைசிவரை சொல்லவே இல்லை. அடுத்த முறை பேசும்போது சொல். ஜெபத்தில் "அந்த அக்கா" என்று சொல்ல எனக்கே என்னவோ போலிருக்கிறது.

அன்புடன்,
அம்மா