விழுந்த சுவரும் பள்ளிச் சரிவும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

மைதானத்துக்குக் கீழே இருந்த சிமெண்டுச் சுவர் போன நவம்பர் மழையில் விழுந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். கட்டி நாலு வருஷம்கூட ஆகவில்லை. விழுவதற்கு ஒரு வாரம் முன்பே அது வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. பூச்சுதான் உப்பியிருக்கிறது என்று நான் நினைத்துவிட்டேன். இடிந்த பிறகு பார்த்தால், அத்தனை நீளத்துக்கும் தண்ணீர் கசிய ஒரு ஓட்டைகூட விடவில்லை. ஊறிய மண் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால் எந்தச் சுவர்தான் தாங்கும்? நல்ல வேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை.

அதே இடத்தில் இன்னும் பெரிய சுவர் கட்டச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். 2009 நவம்பரில் நம் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தது உங்களுக்கு மறந்திருக்காது. சரிவை நெட்டுக்குத்தாக வெட்டிய இடமும், தண்ணீர் போகும் வழியை அடைத்த இடமும்தான் அன்று அதிகம் அடி வாங்கின. ஆகவே நாம் முதலில் தண்ணீருக்கு வழி விடுவோம். மண்ணைப் பிடித்து நிறுத்துவது அப்புறம்.

மைதானத்தின் ஓரமாக, கல் பதித்த வாய்க்கால் ஒன்று வரும். சரிவுக்கு அடியில், விழுந்த சுவரின் துண்டுகளையே இடுப்புயரத்துக்கு அடுக்கப் போகிறோம். சிமெண்டு பூச்சு கிடையாது. பெரிய துண்டு அடியில், ஒவ்வொரு வரிசையும் மேட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, பின்னால் ஜல்லி. தண்ணீர் இடுக்கு வழியே வெளியேறிவிடும், கல் நிற்கும். அதற்கு மேலே தேங்காய் நார் வலையை விரித்து, மூங்கில் முளை அடித்து, வரிசை வரிசையாக வெட்டிவேர்ப் புல் நடுவோம். நார் வலை இரண்டு மூன்று வருஷத்தில் மக்கிப் போகும். போகட்டும், அதற்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும். நல்ல மண்ணில் வெட்டிவேர் 3 மீட்டர்கூடப் போகும். (வேரைப் பிடுங்கிப் பானைத் தண்ணீரில் போடலாமா என்று ஒரு அம்மா கேட்டார். கூடாது, அது நமக்கு ஆணி மாதிரி.)

வெட்டிவேர் வரிசை ஏறி இறங்கினால், தாழ்ந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்து உடைத்துக்கொண்டு போகும். அதனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு கம்பை உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்து, நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டார்கள். நூல் நடுக் குறியில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அதை நடக்கவிட்டு, சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறார்கள். நம் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த இடம் ஒரு முழம் தாழ்ந்திருந்தது. நானே நம்பாமல் இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன்.

சரிவில் இருக்கும் உண்ணிச்செடியை ஒரேயடியாகப் பிடுங்கச் சொல்லாதீர்கள். களைதான், ஆனால் இப்போதைக்கு மண்ணைப் பிடித்திருப்பதும் அதுதான். புல் பிடிக்கப் பிடிக்க, துண்டு துண்டாக எடுப்போம்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கல், உடைந்த ஓடு, சணல் சாக்கு, தேங்காய் மட்டை இருந்தால் கொடுங்கள். பணம் வேண்டாம். காட்டிலிருந்தோ ஓடையிலிருந்தோ கல் எடுத்து வராதீர்கள். அங்கே சரிவை உண்டாக்கி இங்கே அடைப்பதில் என்ன லாபம்? பழைய டயரும் வேண்டாம். வண்ணம் அடித்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் கொசு வளர்க்க எனக்கு ஆசையில்லை. எண்ணெய் ஊறிய ரயில் கட்டைகளும் பிள்ளைகள் தொடும் இடத்துக்கு ஆகாது.

"பிள்ளைகளைக் கூலி வேலைக்கு விடுகிறீர்களா?" என்று ஒரு தந்தை கோபமாகக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். கல் தூக்குவதும் மண் வெட்டுவதும் பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் அளப்பார்கள், நாற்று நடுவார்கள், அவ்வளவுதான்.

ரோட்டை ஒட்டி உயரமாக வெட்டிவிட்ட பகுதியை நாம் தொடப் போவதில்லை. புல்லும் கல்லும் அங்கே போதாது, பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை அந்தப் பக்கம் கயிறு கட்டியிருக்கிறது. பிள்ளைகளைக் குறுக்கு வழியில் அனுப்பாதீர்கள்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. அதற்குள் வேர் பிடிக்க வேண்டுமென்றால் இந்தச் சாரலிலேயே நட்டாக வேண்டும். ஜூன் 28, சனிக்கிழமை காலை 8 மணிக்கு, வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும். மண்வெட்டி, கடப்பாரை இருந்தால் கொண்டுவாருங்கள். மதியம் சாம்பார் சாதம் இங்கேயே. செருப்பு வேண்டாம், பூட்ஸ் போட்டு வாருங்கள். அட்டைக்கு உப்பு என் மேசையில் இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்