அந்தப் பெரிய பீக் யாருடையது?

செம்பூர், மும்பை

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? இங்கே மழை விட்டபாடில்லை. நிழலில் காயப்போட்ட இலை காய்வதற்குள் பூஞ்சை முந்திக்கொள்கிறது.

செசுவியம் என்ற கடலோரச் செடியின் எண்ணெயை ஜிசி-எம்எஸ்ஸில் (கலவையைச் சேர்மங்களாகப் பிரித்து அடையாளம் காட்டும் கருவி) ஓட்டிய அறிக்கையைப் பார்த்தேன். உன் மாணவி முதலிடம் கொடுத்திருக்கும் பீக் (வரைபடத்தில் ஒரு சேர்மத்தைக் காட்டும் மேடு) செடியுடையது இல்லையடா. அந்தச் சேர்மம் உடைந்த துண்டுகளில் எம்/இசட் (துண்டின் நிறை-மின்னூட்ட விகிதம்) 149 தான் உச்சம். அது தாலேட், பிளாஸ்டிக் சமாச்சாரம். பாலித்தீன் பை, ரப்பர் குழாய், ஹெக்சேன் (எண்ணெயைக் கரைத்தெடுக்கும் திரவம்) பாட்டில் மூடி, எதிலிருந்தும் வரும். அதையே மூலிகைச் சத்தாக அச்சேற்றிய கட்டுரைகளும் உண்டு!

துளசி எண்ணெயில் இந்த அழுக்கு கண்ணுக்கே படாது. செசுவியம், உமரி போன்ற உப்புநிலச் செடிகளில் எண்ணெயே சொற்பம் என்பதால் அழுக்கே பெரிய பீக் ஆகிவிடுகிறது. செடியில்லாமல் வெறும் தண்ணீரை அதே கிளெவெஞ்சரில் (எண்ணெய் வடிக்கும் கண்ணாடிக் கருவி) அதே நேரம் கொதிக்கவிட்டு, அதே ஹெக்சேனில் எடுத்து இன்ஜெக்ட் பண்ணச் சொல். அங்கேயும் 149 தலைகாட்டினால் அட்டவணையிலிருந்து தூக்கிவிடு.

பிளாஸ்கைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். செடியிலுள்ள சபோனின் சோப்புப்போல் நுரைத்துப் பொங்கி, எண்ணெய் சேரும் ரிசீவருக்குள் போனால் எண்ணெய் பால்போல் கலங்கி, பிரியவே பிரியாது. சதைப்பற்றுள்ள இலை பெரும்பாலும் தண்ணீர்தான். எண்ணெய் சதவீதம் பச்சை எடைக்கா, உலர் எடைக்கா என்பதையும் எழுதச் சொல்.

கருவியின் லைப்ரரியோடு (தெரிந்த சேர்மங்களின் தொகுப்பு) 90 சதவீதம் பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பாதே. டெர்பீன்கள் (வாசனை எண்ணெய்களின் முக்கியச் சேர்மங்கள்) உடையும் விதம் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆல்கேன் கலவையை அதே புரோகிராமில் ஓட்டி ரிடென்ஷன் இண்டெக்ஸ் (சேர்மம் வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்டுத் தரும் எண்) போடட்டும். ஹெச்பி-5 என்ற ஜிசி குழாயில் (column) 1,8-சினியோல் 1031 வாக்கில் வரும். லிமோனீன் அதை ஒட்டியே நிற்கும்.

எண்ணெய் பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று பார்க்க, அகார் மேல் எண்ணெய் தோய்த்த காகித வட்டு வைக்கும் டிஸ்க் முறையில் அதை வீணாக்க வேண்டாம். அகாரில் பரவாது, பாதி ஆவியாகிவிடும். வட்டைச் சுற்றி பாக்டீரியா வளராத வளையம் சிறிதானால் வீரியம் இல்லை என்று சொல்ல முடியாது. சிறு குழிகள் உள்ள பிளேட்டில் எண்ணெயைப் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்க்கும் மைக்ரோடைல்யூஷன்தான் சரி. பாக்டீரியாக் கரைசலின் கலங்கல் அளவு மெக்ஃபார்லண்ட் 0.5 என்றால் மில்லிக்குச் சுமார் 15 கோடி செல். குழியில் மில்லிக்கு 5 லட்சம் இருக்கும்படி நீர்க்கச் செய். எண்ணெயைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டாமல், அது மட்டும் உள்ள ஒரு வரிசையும் வேண்டும். பிளேட்டை ஒட்டி மூடாவிட்டால் ஆவி பக்கத்துக் குழிக்குத் தாவி அங்குள்ளதையும் கொல்லும். எண்ணெய் கலக்காத குழிகளைத் தள்ளியே வை. ஈ.கோலை அசையாவிட்டால் ஆச்சரியமில்லை, அதன் வெளிச்சவ்வு எண்ணெயை எளிதில் விடாது.

மிச்ச எண்ணெயைத் தொடுவதற்கு முன் அந்த வெறும் தண்ணீர் ரன்னை எனக்கு அனுப்பு.

உன்,
ராகவன்