மேசைக்குள் ஒளித்த கைதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) என்ற ஹாலிவுட் படத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் கேரி கிராண்டும் ரோசலிண்ட் ரஸ்ஸலும் மூச்சுவிடாமல் பேசித் தள்ளுவதைச் சொல்லியிருந்த விதம் அருமை. ஆனால் 'நிருபர்களின் பெருமை பேசும் காதல் படம்' என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. செய்திக்காகக் கொலையைத் தவிர எதையும் செய்யலாம் என்றிருந்த இருண்ட காலத்துக் கதை இது என்று படமே தொடக்கத்தில் எழுதிக் காட்டுகிறது. இன்றைய பத்திரிகையாளர்கள் இதில் இல்லவே இல்லையாம். என்ன குசும்பு!

மூலநாடகமான 'தி ஃப்ரண்ட் பேஜ்' (1928) எழுதிய பென் ஹெக்ட், சார்லஸ் மெக்ஆர்தர் இருவருமே சிகாகோவில் நிருபர்களாக இருந்தவர்கள். படத்தில் ரஸ்ஸல் நடித்த நிருபர் ஹில்டி, நாடகத்தில் ஆண். இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ்தான் பெண்ணாக்கி, கிராண்ட் நடித்த பத்திரிகை ஆசிரியர் வால்டருக்கு முன்னாள் மனைவியும் ஆக்கினார். 1931-இலேயே நாடகம் ஒருமுறை படமாகிவிட்டது. 'முதல் திரைவடிவம்' என்று நீங்கள் அச்சிட்டிருப்பது பிழை.

தூக்குக்குக் காத்திருக்கும் எர்ல் வில்லியம்ஸ் தப்பி வந்து நிருபர் அறையில் நுழைகிறான். ஹில்டி அவனை மேசைக்குள் ஒளித்துவைக்கிறாள். செய்தி வேறு பத்திரிகைக்குப் போய்விடக் கூடாதே! அவனுக்காகப் பரிந்து பேசும் மாலியை மற்ற நிருபர்கள் முதலிலேயே கேலி செய்து அழவைத்தவர்கள். இப்போது அவன் எங்கே என்று சூழ்ந்து நெருக்க, அவள் ஜன்னல் வழியே குதித்துவிடுகிறாள். எட்டிப் பார்க்கிறார்கள், அடுத்த நொடி அறையே காலி. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆனால் படம் நிற்பதில்லை. எர்ல் மேசைக்குள் முடங்கிக் கிடக்க, வால்டர் தொலைபேசியில் முதல் பக்கத்தைக் கலைக்கச் சொல்கிறார். ஹிட்லரைத் தூக்கி நகைச்சுவைப் பக்கத்தில் போடு, சேவல் செய்தியில் மட்டும் கை வைக்காதே, அதில் மனித வாசம் இருக்கிறதாம்! இருபது வருடம் நாளிதழில் இரவுப் பணி பார்த்தவன் நான். அந்தச் சேவலை எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியில் எர்ல் பிடிபடும் காட்சியை மறுபடி பாருங்கள். நிருபர்கள் ஆளுக்கொரு தொலைபேசியைப் பிடித்துச் செய்தி சொல்கிறார்கள். அவன் மயங்கிக் கிடந்தான் என்கிறார் ஒருவர். கடுமையாகப் போராடினான் என்கிறார் இன்னொருவர். இருவருக்கும் எதிரே அதே மேசைதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணையாசிரியர்,
திருச்சி.