சனிக்கிழமை டூர்: எட்டாங்கிளாஸ் வீட்டுல உள்ளவங்களுக்கு

எட்டாங்கிளாஸ் அப்பா அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

வர்ற சனிக்கிழமை ஆற்காடு தர்கா, வேலூர் கோட்டை டூர். பசங்க பாதி பேர் வீட்டுல சரியா சொல்லல போல, ரெண்டு நாளா எனக்கு போன் வந்துட்டே இருக்கு. ஒரு அம்மா "தர்காவுக்கு எதுக்கு மேடம், ஏலகிரி கூட்டிட்டு போலாமே"ன்னு கேட்டாங்க. இன்னொரு அப்பா, அவங்க முஸ்லிம்தான், "நாங்க தர்காவுக்கெல்லாம் போறதில்ல மேடம், பையன் உள்ள போயே ஆகணுமா"ன்னாங்க. ரெண்டு பேர் கேட்டதும் நியாயம்தான், அதனால எல்லாருக்கும் சேர்த்தே எழுதிடறேன்.

யாரையும் வேண்டிக்க கூட்டிட்டு போகல. உள்ள வர விருப்பம் இல்லாதவங்க வாசல்ல சார் கூட நிக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்கமாட்டோம்.

1806 வேலூர் புரட்சின்னு புக்குல ஒரு பாடம் இருக்கு, பசங்க அதை மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துடறாங்க. ஆனா அந்தக் கதை மொத்தமும் நம்ம வாசல்லயே கெடக்கு. நம்ம வாலாஜா பேரே ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவோட பேருதானே. பாலாறு பாலம் தாண்டினா ஆற்காடு, அங்க திப்பு மஸ்தான் அவுலியா தர்கா. திப்பு சுல்தான், அவர் அப்பா ஹைதர் அலி வீட்டுல அங்க வேண்டிக்கிட்டு பொறந்த குழந்தைன்னு சொல்வாங்க, அந்த அவுலியா பேரைத்தான் திப்புவுக்கு வெச்சாங்க. போன ஞாயித்துக்கிழமை நானும் சோஷியல் டீச்சரும் முன்னாடியே போய் பாத்துட்டு வந்தோம். சமாதி மேல பச்சைப் போர்வை, மல்லிச்சரம், சாம்பிராணி வாசனை, அவ்ளோதான், சத்தமே இல்ல. மைசூர்ல இருந்த ராஜா பேரு இங்கேர்ந்து போனதான்னு டீச்சரே ஆச்சரியமா நின்னுட்டாங்க.

அப்புறம் டெல்லி கேட், பழைய ஆற்காடு கோட்டையில மிஞ்சினது அது. பத்து நிமிஷம் போதும்.

ஆற்காட்டுலேர்ந்து வேலூர் சுமாரா 25 கிலோமீட்டர். 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு செத்த பிறகு அவர் குடும்பத்த வெள்ளைக்காரன் கொண்டுவந்து வெச்சது வேலூர் கோட்டையிலதான். 1806 ஜூலை 10 விடிகாலை அங்க இருந்த சிப்பாய்ங்க வெள்ளைக்காரனுக்கு எதிரா கிளம்பினாங்க, ஏன்னா நெத்தியில விபூதி நாமம் வெக்கக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தாடி எடுக்கணும், தோல் வெச்ச புது தொப்பி போடணும்னு ஆர்டர். இந்து சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் சேர்ந்தே வந்த கோவம் அது. கோட்டை மேல மைசூர் கொடி ஏறிச்சு. அதை அடக்க வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோட எங்கேர்ந்து ஓடி வந்தான் தெரியுமா, இதே ஆற்காட்டுலேர்ந்துதான், நம்ம பஸ் போற அதே பக்கமா. மத்தியானத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் திப்பு பசங்கள கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க.

வீட்டுப் பொம்பளைங்க பலர் இங்கயே மண்ணுக்குள்ள. ஹைதர் மனைவி பக்ஷி பேகம், திப்பு மனைவி பாதுஷா பேகம் கல்லறை எல்லாம் கோட்டைக்கு வெளிய இருக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு போற எத்தனையோ பேருக்கு அது தெரியவே தெரியாது (எனக்கே நாப்பது வயசுலதான் தெரியும், வெக்கமாத்தான் இருக்கு). கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில், சர்ச், பள்ளிவாசல் மூணும் இருக்கு. பள்ளிவாசல வெளியில நின்னு பாக்கறதோட சரி. கடைசியா வேலூர்ல மக்கான்ங்கிற இடத்துக்கு பக்கத்துல சிப்பாய்ங்க நினைவுத் தூண்.

ஒண்ணு கண்டிப்பா சொல்லி அனுப்புங்க. போன வருஷம் ஒரு பழைய மண்டபத்துல நம்ம பையன் ஒருத்தன் காம்பஸ் வெச்சு சுவத்துல தன் பேர கிறுக்கிட்டான், இனிஷியலோட. அங்க இருந்த வாட்ச்மேன் முன்னாடி நான் தலைகுனிஞ்சு நின்னேன். இந்த தடவை பைய செக் பண்ணித்தான் பஸ்ல ஏத்துவேன், காம்பஸ் வேண்டாம்.

தலைய மூட ஒரு கர்ச்சீப், கழட்ட சுலபமா செருப்பு (ஷூ லேஸ் கட்ட வெச்சே அரை மணி நேரம் போயிடும்), தண்ணி பாட்டில், கட்டுசாதம். காலை 7 மணிக்கு ஸ்கூல் கேட். சம்மதக் கடிதத்துல கையெழுத்து வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும், பாட்டி கையெழுத்தும் ஓகே. ஆற்காட்டுல மக்கன் பேடா வாங்க பசங்க காசு கேப்பாங்க, அம்பது ரூபாய்க்கு மேல குடுக்காதீங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியை