தட்டொலிப் பலகைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

வியட்நாம் போரில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஹனோயின் ஹோவா லோ சிறையில் அடைபட்ட அமெரிக்கக் கடற்படை விமானிகள் சுவரில் தட்டியே ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது பற்றிய எங்கள் காட்சி ஞாயிறோடு முடிந்தது. உதவியவர்களில் சிலர் பெயர் வேண்டாம் என்றதால் யார் பெயரையும் போடவில்லை.

முதல் நன்றி, தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு. "தந்திக்கான மோர்ஸ் குறியீடு இருக்க, சுவரில் தட்ட ஏன் வேறு முறை?" என்று கேட்காதவர் இல்லை. மோர்ஸுக்குக் குறிலும் வேண்டும், நெடிலும் வேண்டும். விரல் முட்டியால் சுவரைத் தட்டினால் எல்லாமே குறில்தான் என்று மேசையில் தட்டியே புரியவைத்தார். இமைக்கு அந்தச் சிக்கல் இல்லை, வேண்டிய நேரம் மூடி வைக்கலாம். 1966இல் கேமரா முன் உட்காரவைக்கப்பட்ட கைதி ஜெரமையா டென்டன் 'டார்ச்சர்' (சித்திரவதை) என்று மோர்ஸில் சிமிட்டியது அப்படித்தான்.

மெய்ப்புப் பார்த்த ஆசிரியைக்கு இரண்டு கடன். தட்டு முறையில் ஐந்துக்கு ஐந்து கட்டம். முதலில் வரிசை எண், சற்று விட்டு அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்பது. ஆங்கிலத்தின் 26 எழுத்தை 25 கட்டத்தில் அடக்கக் கைதிகள் 'கே'யை விட்டுவிட்டு 'சி'யைத் தட்டினார்கள். நாங்களோ பழைய வழக்கப்படி 'ஐ', 'ஜே' இரண்டையும் ஒரே கட்டத்தில் திணித்திருந்தோம். இரண்டாம் வரிசை மட்டுமே மாறும் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. அடுத்தது, இம்முறையைச் சிறைக்குள் பரப்பிய ஸ்மிட்டி ஹாரிஸைக் கடற்படைக்காரர் என்று எழுதியிருந்தோம். அவர் விமானப்படை.

ஒட்டுப்பலகையில் செய்த மாதிரிச் சுவர் சொதப்பிவிட்டது. ஒவ்வொரு தட்டும் இழுத்து அதிர்ந்ததில் மூன்றா நான்கா என்று எண்ண முடியவில்லை. வெள்ளிக்கிழமை இரவோடு இரவாகச் செங்கல் அடுக்கிப் பூசித் தந்த கொத்தனார் அண்ணனுக்கு நன்றி. பூச்சு காய்ந்த பிறகுதான் 2-2, 1-2, 4-5 தெளிவாகக் கேட்டது. ஜி, பி, யு: 'கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். கைதிகள் பேச்சை முடிப்பது அதைத் தட்டித்தான்.

அழைப்புத் தாளம் ஐந்து தட்டு, பதில் இரண்டு. அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே கைவந்த தாளம் அது. கைதிக்குப் பதில் வேறு ஆள் தட்டினால் பதிலிலேயே தெரிந்துவிடும். இதை அலுக்காமல் நாள் முழுக்கத் தட்டிக் காட்டிய கல்லூரி மாணவர்களுக்கும் நன்றி.

சுவரில் காது வைத்துக் கேட்கப் பீங்கான் பூச்சுக் குவளை தந்த டீக்கடைக்காரருக்குத் தனி நன்றி. இரண்டில் ஒன்றைக் காணோம். எடுத்துப் போனவர் கடையிலேயே கொடுத்துவிடவும்.