வீசம் அங்குலச் சாவி

மாப்ளே,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். மேசையில் நீ கொடுத்துவிட்டுப் போன அந்தத் தங்க நிற ஆர்சி10 ரிமோட் கார் நின்றுகொண்டிருந்தது. அதைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் நெஞ்சில் இடறியது. இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன்.

முதலில் சின்னவள் விஷயம். தன் கையாலேயே ஒரு ரிமோட் கார் பூட்டப் போகிறாள் என்று நீ எழுதியதைப் படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். உன் தங்கச்சி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். நீயும் நானும் முதல் காரைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க ஒரே ஒரு திருப்புளியை மாற்றி மாற்றிப் பிடித்த நாள்தான் நினைவுக்கு வந்தது. டாமியா நிறுவனம் தன் முதல் ரிமோட் காரான போர்ஷ 934ஐ வெளியிட்டது 1976இல். இத்தனை வருஷம் கழித்தும் அதே மாதிரி ஒரு பெட்டியைத் திறந்து, பாகங்களைப் பிய்த்தெடுத்து, ஒரு பிள்ளை கார் செய்யப் போகிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

நாற்பது சாமான் அடங்கிய டூல் பெட்டி ஒன்றை அவளுக்கு வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அதில் முப்பது சாமான் தொடப்படாமலே கிடக்கும். மீதிப் பத்தின் இரும்பு மெத்தென்று இருக்கும். அந்தப் பணத்தில் நாலே நாலு நல்ல ஹெக்ஸ் டிரைவர், அதாவது ஆறு மூலை முனை உள்ள திருப்புளி, வாங்கு: 1.5, 2, 2.5, 3 மில்லிமீட்டர். 'எல்' வடிவ ஆலன் கீ அல்ல, நேரான தண்டும் உருண்டைக் கைப்பிடியும் உள்ளவை. இப்போது வருகிற கார்களில் பெரும்பாலும் எம்3, அதாவது 3 மி.மீ. தடிமன் ஸ்க்ரூதான். பொத்தான் தலைக்கும் தட்டைத் தலைக்கும் 2 மி.மீ., உருளைத் தலைக்கு 2.5, தலையில்லாத கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5. என் கையில் நாள் முழுக்கச் சுழல்வது 2 மில்லிமீட்டர்தான். அதன் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறேன். இடது கண்ணில் புரை எடுத்து ஆறு மாதம் ஆகியும் பொடி எழுத்து இன்னும் தெளியவில்லை. நூல் விரலில் பட்டால் போதும், எதை எடுத்தேன் என்று தெரிந்துவிடும்.

நல்ல டிரைவர் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முனையை ஸ்க்ரூ தலையின் குழிக்குள் இறக்கி, சுற்றாமல், இடமும் வலமும் லேசாக அசைத்துப் பார்க்கச் சொல். ஆட்டமே இருக்கக் கூடாது. குழியின் அடிவரை போய் உட்கார்ந்து, கையை எடுத்தாலும் ஸ்க்ரூ அதிலேயே ஒட்டி நிற்க வேண்டும். அப்படி உட்காராத டிரைவரைக் கொண்டு அழுத்திச் சுற்றினால் ஆறு மூலையும் மழுங்கி, குழி வட்டமாகிவிடும். அதற்கப்புறம் அந்த ஸ்க்ரூவைக் கழற்றுவது ஒரு நாள் வேலை.

ரொம்ப நாள் உழைத்த டிரைவரின் முனையும் இப்படித்தான் உருண்டு போகும். தூக்கி எறிய வேண்டாம். உருண்டது நுனியில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை மட்டும் சாணைக்கல்லில் தட்டையாகத் தேய்த்துவிட்டால் கீழே புத்தம்புது மூலை வந்துவிடும். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். முனை நீலம் பாரித்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். போன வாரம்கூட என் 2 மி.மீ. டிரைவருக்கு இதைச் செய்தேன். தேய்த்து முடித்து ஒரு ஸ்க்ரூவில் வைத்தேன். 'கிளிக்' என்று உட்கார்ந்தது. கேட்டு முடித்து மறுபடி வைத்து மறுபடி கேட்டேன்.

முனை உருண்டையாக இருக்கும் பால் எண்ட் டிரைவர் ஒன்றும் இருக்கட்டும். சாய்வாக மட்டுமே கை போகிற இடத்தில் அது உதவும். ஆனால் இறுகிய ஸ்க்ரூவை அதால் அசைக்கக் கூடாது. அதன் கழுத்து மெலிசு, முறிந்து குழிக்குள்ளேயே தங்கிவிடும்.

இப்போது அந்த ஆர்சி10. அது 1984இல் வந்த கார், உனக்குத் தெரியாததல்ல. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் எல்லாமே அங்குல அளவு. அவர்களும் இப்போது மெட்ரிக்குக்கு மாறிவிட்டார்கள், ஆனால் பழைய காரில் பழைய ஸ்க்ரூதானே இருக்கும்? அதிலுள்ள சின்னப் பொத்தான் தலை, தட்டைத் தலை ஸ்க்ரூவுக்கு வேண்டியது 1/16 அங்குலச் சாவி. நம் பழைய கணக்கில் சொன்னால் வீசம் அங்குலம். மில்லிமீட்டரில் அது 1.59. நீ அந்தக் காரைக் கொடுத்த வாரமே, ஆசை தாங்காமல், கையிலிருந்த 1.5 மில்லிமீட்டர் டிரைவரால் கழற்ற உட்கார்ந்தேன். உள்ளே போனது. கொஞ்சம் ஆடியது. பரவாயில்லை என்று அழுத்திச் சுற்றினேன். நாலு ஸ்க்ரூவின் தலையை மழுக்கிவிட்டேன், மாப்ளே. பின்பக்கம் இரண்டு, சேஸின், அதாவது அடித்தட்டின், அடியில் இரண்டு. இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 0.09 மி.மீ., ஒரு எழுதுதாளின் தடிமன். அன்றைக்கு மூடி வைத்த காரைப் பல வருஷம் தொடவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் 'நேரமில்லை' என்று சொன்னேன். உண்மையான காரணம் இதுதான்.

இந்த மழைக்காலத்தில்தான் துணிந்து எடுத்தேன். பின்பக்கத்து இரண்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கிற தலை. மெல்லிய ரம்பத் துண்டால் தலையின் குறுக்கே ஒரு கீறல் போட்டு, தட்டை முனைத் திருப்புளியை வைத்துத் திருப்பினேன். வந்துவிட்டது. அடியில் இருந்தவை சேஸோடு பதிந்த தட்டைத் தலை. அங்கே ரம்பம் போட்டால் அந்தத் தங்கப் பூச்சில் கோடு விழும். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சால்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூ தலையில் வைத்துச் சூடேற்றினேன், உள்ளே காய்ந்த த்ரெட் லாக், ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கிற பசை, இளகட்டும் என்று. பிறகு குழியைவிட ஒரு பொடி பெரிய டார்க்ஸ் முனையைச் சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டி இறக்கினேன். அந்த நட்சத்திர முனை குழியின் சுவரைக் கடித்துப் பிடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். உடைந்ததா கழன்றதா என்று ஒரு கணம் தெரியவில்லை. கழன்றிருந்தது. நாலுக்கும் புது ஸ்க்ரூ போட்டாயிற்று. சேஸில் ஒரு கீறல்கூட இல்லை.

சின்னவளின் கிட் டாமியாதான் என்று எழுதியிருக்கிறாய். அதில் நிறைய இடத்தில் கூட்டல் குறித் தலை ஸ்க்ரூ வரும். அது நாம் வழக்கமாகப் பார்க்கிற பிலிப்ஸ் இல்லை, ஜப்பானிய ஜேஐஎஸ் தரம். வீட்டில் கிடக்கிற பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுசாக இறங்காது. அழுத்தம் கொடுத்ததும் மேலே ஏறி வழுக்கி, தலையைத் தின்றுவிடும். எம்3 ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் 2ஆம் எண், அதைவிடச் சின்னதற்கு 1ஆம் எண். இரண்டு போதும். வெஸல் என்கிற ஜப்பான் கம்பெனியின் திருப்புளி என்னிடம் இருக்கிறது, கைக்கு அத்தனை இதம். இந்தத் திருப்புளி பிலிப்ஸ் தலையிலும் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும்.

ஒன்றை மட்டும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீயே சொல்லிக்கொடு. பிளாஸ்டிக்கில் ஒரு தடவை ஏறிய ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது நேரே முன்னால் சுற்றக் கூடாது. முதலில் பின்பக்கமாக, கழற்றுகிற திசையில், மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் ஸ்க்ரூ சின்னதாக ஒரு படி இறங்கும். விரலுக்குத் தெரியும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து முன்னால் திருப்பினால் வெண்ணெயில் போவது மாதிரி போகும். இதைச் செய்யாமல் அவசரப்பட்டால் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டி, நாலாவது தடவை ஓட்டையில் பிடிப்பே இருக்காது. பேட்டரி டிரில்லால் பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ ஏற்றவும் விடாதே. அந்த வேகத்தில் சூடேறி பிளாஸ்டிக் உருகிவிடும். முதல் தடவை ஏற்றும்போது இறுக்கமாக இருந்தால் மரையில் கொஞ்சம் மெழுகு தேய்த்தால் போதும்.

த்ரெட் லாக் உலோகத்துக்குள் உலோகம் போகிற இடத்துக்கு மட்டும், அதுவும் நீல நிறம். பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, சில வகை பிளாஸ்டிக் அதால் வெடித்துப் போகும். அது கட்டாயம் வேண்டிய இடம் மோட்டாரின் பினியன் கியர், தண்டில் மாட்டுகிற சின்னப் பற்சக்கரம். அதிலுள்ள கிரப் ஸ்க்ரூ, மோட்டார் தண்டில் தட்டையாகச் செதுக்கிய பக்கத்தின் மேல் நேராக உட்கார வேண்டும். உருண்டைப் பக்கத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஓட்டத்தில் நழுவும்.

பினியனும் அது சுற்றுகிற பெரிய பற்சக்கரமான ஸ்பர் கியரும் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று பார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு துண்டு எழுதுதாள் போதும். இரண்டு பற்சக்கரத்துக்கும் நடுவே தாளைச் செருகி, மோட்டாரை நெருக்கி அழுத்தி, அதன் ஸ்க்ரூவை இறுக்கு. பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடு. தாள் கிழியாமல், வரிவரியாக மடிந்து வந்தால் சரி. அப்புறம் ஸ்பர் கியரை விரலால் அசைத்தால் ஒரு நூலளவு ஆட்டம் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஸ்பரை ஒரு முழுச் சுற்று சுற்றி நாலு இடத்தில் அசைத்துப் பார்க்கச் சொல், அது எல்லா இடத்திலும் ஒரே வட்டமாக இருக்காது. என் நாலு ஸ்க்ரூவைக் கெடுத்ததும் ஒரு தாளின் தடிமன்தான், கியரைக் காப்பாற்றுவதும் அதே தடிமன்தான்.

குறடு விஷயத்தில் என் கை கெட்ட கதையும் ஒன்று உண்டு. ஷாக் அப்சார்பரின் அடியில் பந்து மூட்டு ஒன்றைத் திருகி ஏற்றும்போது தண்டு கூடவே சுற்றியது. நோஸ் பிளையரால் தண்டைப் பிடித்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தது. அந்தக் கீறல் உள்ளேயிருக்கும் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு குலுக்கலிலும் அரம் மாதிரி அராவி, பத்தே நாளில் எண்ணெய் முழுக்கக் கசிந்துவிட்டது. தண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. அவளுக்கு ஷாக் தண்டைப் பிடிக்கவென்றே பள்ளம் போட்ட குறடு வாங்கிக் கொடு. கிடைக்காவிட்டால் தோல் துண்டைச் சுற்றிப் பிடிக்கட்டும். எண்ணெய் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழி எல்லாம் மேலே வரும்வரை நிமிர்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். அவள் அவசரக்காரி, தெரியும். அந்த நேரத்தில் ஒரு பாட்டுப் போட்டுவிடு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்ட ஒரு சின்ன சைடு கட்டர். சக்கர நட்டுக்கு 7 மி.மீ. நட் டிரைவர், எம்3 நட்டுக்கு 5.5. நைலான் வளையம் வைத்த சக்கர நட்டு வெறும் விரலால் சுழன்று ஏறினால் அதன் காலம் முடிந்தது, மாற்றிவிட வேண்டும். மேல்கூட்டின் சக்கர வளைவுகளை வெட்ட வளைந்த கத்தரிக்கோல். கூட்டில் ஓட்டை போட ரீமர், அதாவது ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்குகிற கூம்பு முனைக் கருவி; டிரில் வேண்டாம். ரீமரைக் கொஞ்சம் சுற்று, கூட்டை வைத்துப் பார், மறுபடி கொஞ்சம் சுற்று. பெரிசாகிப்போன ஓட்டையைச் சின்னதாக்க முடியாது. மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வேலை செய்யட்டும், விழுந்த ஸ்க்ரூ உருளாமல் அங்கேயே கிடக்கும்.

அப்பாவின் காலில் வீக்கம் குறைந்துவிட்டதா? அதைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

ஆர்சி10ஐ இந்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன். உன் கார், உன்னிடமே இருக்கட்டும். சின்னவள் தன் காரைப் பூட்டி முடித்த பிறகு இதைக் கழற்றிப் பூட்டிப் பழகலாம். முன் அச்சோடு ஒரு டிரைவரைக் கட்டியிருக்கிறேன், கைப்பிடியில் பச்சை நூல். அதுதான் வீசம் அங்குலம். அதைத் தவிர வேறு எதையும் அந்தக் காரின் அந்தச் சின்ன ஸ்க்ரூக்களில் வைக்க வேண்டாம் என்று மாமா சொன்னதாக அவளிடம் சொல்.

உன்
பழைய கூட்டாளி